ஆலயத்தின் முதற்பணம்: பொருளாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பு ஆலயங்களின் பொருளாளர்களும் சபையாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, திருச்சபை நிதியமொன்றில் அறங்காவலராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய கணக்காளர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஐயா, எங்கள் ஆலயத்தின் பணம் முழுவதும் நிலையான வைப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை ஏன் ஒரு நிதியத்திடம் கொடுக்க வேண்டும்?

பதில்: பத்திரமாக இருப்பது ரூபாயின் எண்ணிக்கையா, மதிப்பா என்பதை முதலில் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஓராண்டு விலையேற்றம் 69.8 சதவீதமாக இருந்தது. அதாவது முந்தைய ஆண்டு 10 இலட்சத்துக்கு வாங்கக்கூடியதாக இருந்தவற்றை வாங்க ஏறக்குறைய 17 இலட்சம் வேண்டியிருந்தது. ஒற்றை இலக்க வட்டிக்குக் கட்டிவைத்த வைப்புகளில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் அந்தப் பணத்தால் இனிக் கூரையின் பாதியைத்தான் வேய முடியும் என்று கண்ட பொருளாளர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. அதே ஆண்டில், அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைக் கடந்தது. அதுவும் விலையேற்றத்துக்கு ஈடாகவில்லை என்றாலும், 91 நாளில் முதிரும் உண்டியல்களில் பணத்தின் ஒரு பகுதியையாவது வைத்திருந்தவர்களுக்கு இழப்பு குறைந்தது.

இதையெல்லாம் அன்றாடம் கவனிப்பது, ஆராதனை முடிந்து காணிக்கையை எண்ணி வங்கியில் போடவே நேரம் போதாத ஒரு பொருளாளருக்கு இயலாத காரியம். நிதியம் பல ஆலயங்களின் பணத்தை ஒன்றாக்கி, உண்டியல், முறி (நீண்டகாலக் கடன்பத்திரம்), கம்பனிப் பங்கு, வைப்பு எனப் பிரித்து முதலிடுகிறது. ஒவ்வோர் ஆலயத்தின் பங்கும் அலகுகளாகத் தனிக்கணக்கில் பதியப்படுகிறது.

கேள்வி (தெஹிவளை): அப்படியானால் பணம் நிதியத்துக்குச் சொந்தமாகிவிடுமா?

பதில்: ஆகக்கூடாது. உடன்படிக்கையில் அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): காலஞ்சென்ற ஒரு தாயார் பிள்ளைகளின் படிப்புக்கென்று எங்கள் ஆலயத்துக்குப் பணம் விட்டுச் சென்றார். இப்போது மணிக்கூண்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அந்தப் பணத்தை எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், அம்மா. ஒருமுறை பழைய பற்றுச்சீட்டுப் புத்தகமொன்றைப் புரட்டியபோது, அடிக்கட்டையில் தொகைக்குக் கீழே, “ஏழைப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு மட்டும்” என்று நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்ததைக் கண்டேன். “மட்டும்” என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் இருந்தன. கொடுத்தவர் இப்போது கேட்க வரமாட்டார் என்பதாலேயே அந்தக் கோடுகளுக்கு நாம் கூடுதலாகக் கட்டுப்பட்டவர்கள். நமது நாட்டின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் அறக்கொடையைக் குறித்த நோக்கத்துக்கே செலவிடும்படி கட்டுப்படுத்துகிறது. மணிக்கூண்டுக்கு வேறொரு நிதி திரட்டுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஆண்டுதோறும் எவ்வளவு செலவிடலாம்?

பதில்: பல நிதியங்கள் கடந்த 3 ஆண்டுகளின் சராசரி மதிப்பில் 4 அல்லது 5 சதவீதத்தைச் செலவிடுகின்றன. சராசரி 1 கோடி என்றால் 4 அல்லது 5 இலட்சம். சந்தை ஏறிய ஆண்டில் தாராளமாக வழங்கி, இறங்கிய ஆண்டில் ஊழியரின் சம்பளத்தை நிறுத்தும் அவலத்தை இந்தச் சராசரி தடுக்கிறது. வருமானம் அதைவிடக் கூடினால், மீதி முதலோடு சேர வேண்டும்.

கேள்வி (மட்டக்குளி): பங்குச் சந்தையில் ஆலயப் பணமா? பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நல்லதுதான். இங்கிலாந்துத் திருச்சபையின் நிதியைக் காக்க 1948இல் உருவான ஆணையாளர் சபை, 1980களின் பிற்பகுதியில் கடன் வாங்கிக் கட்டடத் திட்டங்களில் இறங்கி, ஏறக்குறைய 80 கோடி பவுண் மதிப்பை இழந்தது. அங்கே அனுபவமுள்ளவர்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை, ஒரே துறையில் குவிந்த பணமும் அதற்கு வாங்கிய கடனுமே கெடுத்தன. ஆகவே நிதியம் கடன் வாங்கி முதலிடக்கூடாது என்பதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மது, புகையிலை, சூதாட்டம் ஆகிய தொழில்களிலும் பங்கு வாங்கலாகாது. கொழும்புச் சந்தையில் சில மதுபான, புகையிலைக் கம்பனிகள் நல்ல பங்கிலாபம் தருவது தெரியும். குடியால் உடைந்த வீடுகளுக்குச் சென்று செபிக்கும் ஆலயம் அந்த இலாபத்தை இழந்தே ஆகவேண்டும்.

கேள்வி (கொழும்பு 15): சிறிய ஆலயமான நாங்கள் நிதியத்திடம் மானியம் கேட்பது எப்படி?

பதில்: கணக்காய்வு செய்த கடைசி ஆண்டுக் கணக்கு, ஒப்பந்தகாரர் இருவரின் விலைமதிப்பீடு, சபை தானே திரட்டிய பங்கு, சேகர சபையின் (ஆலயத்தை நிர்வகிக்கும் குழுவின்) தீர்மானம் ஆகியவற்றை இணைத்து எழுதுங்கள். உங்கள் பங்கு 5,000 ரூபாயானாலும் அதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். நான் விண்ணப்பங்களைப் படிக்கும்போது முதலில் தேடுவது அந்த வரியைத்தான். பணம் தவணைகளாகவே வரும், ஆகையால் முதல் தவணைக்கான பற்றுச்சீட்டுகளைக் கையோடு கோப்பில் சேர்த்துவிடுங்கள்.