பல்லி ஏறிய ரயில்

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். நாலரை வயது மகன் ஆங்கில வழிப் பள்ளியில் ஜூனியர் கே.ஜி. படிக்கிறான். பென்சிலைத் தொடவே மறுக்கிறான். ஆனால் ஒரு பல்லி லோக்கல் ரயிலில் ஏறி, திலக் நகர், குர்லா, சுன்னாபட்டி, ஜி.டி.பி. நகர் எல்லாம் தாண்டி வடாலாவில் இறங்கிய கதையைத் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து தினமும் சொல்கிறான். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஏ முதல் இசட் வரை எழுதுகிறார்கள். பல மொழிகளால் குழம்பிவிடுவான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசு என்கிறார் கணவர். தமிழ் எழுத்தை எப்போது, எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: பென்சிலைப் பற்றிய கவலையை முதலில் தள்ளி வைத்துவிடலாம். நாலரை வயதில் விரல்களின் சிறு தசைகள் இன்னும் உறுதிப்படவில்லை. சப்பாத்தி மாவு பிசைவதும், பட்டாணி உரிப்பதும், தரையில் சாக்குக்கட்டியால் கிறுக்குவதும் இப்போதைக்கு அந்தக் கைக்குப் போதுமான பயிற்சி. 2021-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டமே, குழந்தை பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் 3-ஆம் வகுப்பின் முடிவு வரை அவகாசம் தருகிறது.

நீங்கள் குறையாக எழுதியிருக்கும் பல்லிக் கதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐந்து ரயில் நிலையங்களை வரிசை மாறாமல் வைத்து, ஒரு பயணத்தைத் தொடங்கி முடிக்கத் தெரிந்த பிள்ளை, எதற்குப் பின் எது நடக்கும் என்னும் ஒழுங்கைப் பிடித்துவிட்டான். பின்னாளில் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய அடித்தளம் அதுதான். மொழிகளைக் கலப்பதும் குழப்பத்தின் அடையாளம் அன்று. கைக்கு முதலில் அகப்படும் சொல்லை எடுத்துக்கொள்வது பன்மொழி வீடுகளில் வளரும் எல்லாக் குழந்தைகளின் இயல்பு. ஆங்கிலத்தைப் பள்ளி எப்படியும் பார்த்துக்கொள்ளும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்றவரை 5-ஆம் வகுப்பு வரையிலாவது தாய்மொழியிலோ வட்டார மொழியிலோ கற்பிக்கச் சொல்கிறது என்று கணவரிடம் கூறுங்கள்.

இனி, எழுத்துக்கு வழி. கோடு போடாத நோட்டு ஒன்றை வாங்கி, அவன் கதை சொல்லும்போது அருகில் அமர்ந்து, அவன் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வரிகள் போதும். “பல்லி ரயில்ல ஏறிச்சு” என்று அவன் சொன்னால் அதுவே நோட்டிலும் இருக்கட்டும். “ஏறியது” என்று திருத்த வேண்டாம். இந்திச் சொல் வந்தால் அதையும் தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். மேலே அவன் படம் வரையட்டும். பிறகு ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை நகர்த்தியபடி படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் ஏறி உட்கார்ந்திருப்பதையும், நேற்றுப் படித்த அதே சொல் இன்றும் அதே இடத்தில் இருப்பதையும் அவன் காணும் கணம், எந்த எழுத்து அட்டையாலும் தர முடியாதது. (கடைகளில் விற்கும் பளபளப்பான அட்டைகளுக்கு நான் என்றுமே நண்பர் அல்லேன்.)

திருத்த வேண்டாம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் பேச்சுத் தமிழுக்கும் அச்சுத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. வீட்டில் “இருந்துச்சு” என்று கேட்டு வளரும் குழந்தைக்குப் புத்தகத்தின் “இருந்தது” புதிதாக ஒலிக்கும். ஆகவே படப் புத்தகம் வாசிக்கும்போது முதல் முறை உங்கள் பேச்சில் சொல்லுங்கள். கதை பழகிய பின், அச்சில் உள்ளபடியே படியுங்கள். சில வாரங்களில் அந்த நடையும் அவனுக்குக் காதுப் பழக்கமாகிவிடும்.

247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைக்கும் அவசரம் வேண்டாம். அவன் கதையிலிருந்தே பல்லியின் ‘ப’, ரயிலின் ‘ர’ என்று தொடங்கி, வளைவு குறைந்த ‘ட’, ‘ம’ ஆகியவற்றைச் சேர்த்தால் படம், மடம், பட்டம் எல்லாம் கிடைத்துவிடும். “போச்சு” என்னும் சொல்லில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஓகார ஒலி ‘ப’வுக்குப் பின்னால் கேட்கிறது, ஆனால் அதன் குறியில் பாதி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அதை மாற்றி எழுதினால் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். காதை நம்பும் பிள்ளை அப்படித்தான் எழுதுவான்.

சமையல் வேலையின் நடுவே சொல் அந்தாதி ஆடலாம்: நீங்கள் “பல்லி” என்றால் அவன் “லி”யில் தொடங்கத் திணறுவான், “அம்மா” என்றால் “மாடு” என்பான், “டு”வில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். சொல்லை அசைகளாகப் பிரித்துக் கேட்கும் காது இப்படித்தான் கூர்மையாகும். நூல்களுக்கு, பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையைப் பெரும்பாலும் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் திறக்கலாம் என்பதால் உங்கள் வீட்டுக்கு மிகவும் பொருந்தும். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த நூல்கள் உள்ளன. அவற்றைக் கணவர் கையில் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளியாருக்கு அவன் பேச்சு பெரும்பாலும் விளங்கவில்லை என்றாலோ, கூப்பிட்டால் அடிக்கடி திரும்பவில்லை என்றாலோ காதைச் சோதித்துவிடுவது நல்லது.

மற்றபடி, கதை கேட்கும்போது “பல்லி என்ன நிறம்?” என்று தேர்வு வைக்காமல், “டிக்கெட் எடுத்துச்சா?” என்று கேளுங்கள். வடாலாவில் இறங்கிய பல்லி செம்பூருக்கு எப்படித் திரும்பியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்று இரவு அதைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.