குரல் ஒன்று, பாத்திரங்கள் மூன்று: டான் ஆடம்ஸ்

“தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகராகவும் கார்ட்டூன்களில் குரல் நடிகராகவும் பெயர் பெற்றவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?” என்பது கேள்வி. என் பதில், அமெரிக்க நடிகர் டான் ஆடம்ஸ்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்களையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் என் மகள் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆங்கில கார்ட்டூனிலிருந்து ஒரு குரல் வந்தது. மூக்கிலிருந்து எழும் குரல். சுருதி சற்றுத் தூக்கல். ஒவ்வொரு சொல்லையும் நறுக்கு நறுக்கென்று வெட்டிப் போடும் பேச்சு. திரையைப் பார்க்காமலேயே, “இது மேக்ஸ்வெல் ஸ்மார்ட் ஆயிற்றே!” என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால், தொப்பியும் மழைக்கோட்டுமாக இன்ஸ்பெக்டர் கேட்ஜெட் ஓடிக்கொண்டிருந்தார். 1965இல் தொடங்கிய ‘கெட் ஸ்மார்ட்’ என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் உளவாளி மேக்ஸ்வெல் ஸ்மார்ட்டும், 1983இல் வந்த கார்ட்டூன் துப்பறிவாளரும் ஒரே தொண்டையிலிருந்து பிறந்தவர்கள் என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

அவருடைய இயற்பெயர் டொனால்ட் ஜேம்ஸ் யார்மி. 1923இல் நியூயார்க்கில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து குவாடல்கனால் தீவுக்குச் சென்றவர், அங்கே மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் விழுந்தார். பெரும்பாலோர் பிழைக்காத அந்த நோயிலிருந்து, நியூசிலாந்தின் வெலிங்டனில் ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். பின்னர் படையிலேயே புதியவர்களுக்குக் கவாத்துப் பயிற்சி அளித்தார். ஆணையிடுவதுபோல் ஒலிக்கும் அவருடைய பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கவாத்து மைதானம்தான் நினைவுக்கு வருகிறது.

போருக்குப் பின் மேடைகளில் பலகுரல் கலைஞராகப் பிழைத்தார். நடிகர் தேர்வுகளில் அகரவரிசைப்படி அழைக்கும்போது யார்மி என்ற பெயர் எப்போதும் கடைசியில் வந்ததால், பாடகியான முதல் மனைவி மேடையில் வைத்துக்கொண்டிருந்த ஆடம்ஸ் என்ற பெயரைத் தாமும் எடுத்துக்கொண்டார். மணமுறிவுக்குப் பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. புகழ்பெற்ற அந்தக் குரலும் பலகுரல் நாட்களில் கிடைத்ததுதான். பழைய ஹாலிவுட் நடிகர் வில்லியம் பவலின் நாசூக்கான உச்சரிப்பை அளவுக்கு மீறி இழுத்துப் பார்த்ததில் அது உருவாயிற்று. ‘பில் டானா ஷோ’வில் விடுதித் துப்பறிவாளராக வந்தபோதே அது ஏறக்குறைய முழுமை பெற்றிருந்தது.

மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் சேர்ந்து உருவாக்கிய ‘கெட் ஸ்மார்ட்’ முதலில் டாம் போஸ்டன் என்ற நடிகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் அதை வேண்டாம் என்று ஒதுக்க, அதைப் போன்ற இன்னொரு நிறுவனமான என்பிசி எடுத்துக்கொண்டது. அந்நிறுவனத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த ஆடம்ஸுக்கு வேடம் போயிற்று. தொடரின் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. எதிரியின் படகில் சிக்கிய ஸ்மார்ட், கடலோரக் காவற்படையின் ஏழு படகுகள் சூழ்ந்து வருவதாக மிரட்டுகிறார். எதிரி நம்பவில்லை. ஆறு என்றால் நம்புவாயா என்கிறார். அதற்கும் எதிரி அசையவில்லை. துடுப்புப் படகில் இரண்டு போலீஸ்காரர்கள் என்று இறங்கி வருகிறார். இந்தப் பேரம் பேசும் பாணி, ஆடம்ஸ் மேடையிலிருந்து தம்முடன் கொண்டுவந்தது. எண்ணிக்கை குறையக் குறையக் குரலின் மிடுக்கு மட்டும் இம்மியும் குறைவதில்லை. சிரிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முட்டாளாக நடிப்பவர்கள் பெரும்பாலும் முட்டாள்தனத்தை முகத்தில் காட்டிவிடுவார்கள். ஆடம்ஸ் ஒருபோதும் அப்படிச் செய்யவில்லை. ஸ்மார்ட் தன்னைப் பேரறிவாளன் என்றே கடைசிவரை நம்புகிறான். 138 அத்தியாயங்கள் ஓடிய அந்தத் தொடருக்காக 1967, 1968, 1969 என அடுத்தடுத்து மூன்று முறை, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதை அவர் பெற்றார்.

1970இல் தொடர் முடிந்த பிறகு அந்தக் குரலே அவருக்கு விலங்காயிற்று. வேறு எந்த வேடத்தில் வந்தாலும் மக்கள் காதில் ஸ்மார்ட்டே பேசினான். ‘தி பார்ட்னர்ஸ்’ என்ற அடுத்த தொடர் ஒரே பருவத்தில் நின்றுபோயிற்று. எண்பதுகளில் கனடாவில் எடுக்கப்பட்ட, பல்பொருள் அங்காடியைக் களமாகக் கொண்ட ‘செக் இட் அவுட்’ மூன்று பருவங்கள் வந்தது என்றாலும் பழைய புகழை அது எட்டவில்லை.

அவர் முகத்துக்குத் தடையாக நின்ற குரலைக் கார்ட்டூன் உலகம் மனமாரக் கேட்டு வாங்கிக்கொண்டது. 1963இலேயே டென்னசி டக்சிடோ என்ற பென்குவினுக்கு அவர் குரல் கொடுத்திருந்தார். அந்தக் கார்ட்டூனில் பேராசிரியராகப் பேசிய லாரி ஸ்டார்ச், ஆடம்ஸோடு நியூயார்க்கில் ஒரே பள்ளியில் படித்த நண்பர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இருபது ஆண்டுகள் கழித்து வந்த கேட்ஜெட்டும் ஸ்மார்ட்டின் இரத்த உறவுதான். தொப்பிக்குள் ஹெலிகாப்டர் இறக்கை வைத்திருக்கும் அவருக்கு எதிரே நிற்கும் எதிரியை அடையாளம் தெரியாது. உடன்பிறந்தார் மகளான சிறுமி பென்னியும் நாய் பிரெய்னும் வழக்கைத் தீர்த்து முடிக்க, பாராட்டு மட்டும் அவருக்கு வந்து சேரும். 1999இல் கேட்ஜெட் கதை நடிகர்களைக் கொண்டு திரைப்படமானபோது நாயகன் வேடம் வேறொருவருக்குப் போயிற்று. ஆடம்ஸ் நாய் பிரெய்னுக்குக் குரல் தந்தார். 2005 செப்டம்பரில், 82 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

அவரை இதுவரை பார்க்காதவர்கள் நான் சொன்ன அந்த முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கலாம். தொடரில் அது ஒன்று மட்டும் கறுப்பு வெள்ளை. படகுக் காட்சி வரும்போது ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு, குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள்.