கேளுங்க அக்கா: பத்து மணித் தண்ணி யாருக்கு?

கேள்வி: அக்கா, எங்களுது குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். நான் ஷூ கம்பெனிக்குப் போறேன், வேன் காலைல ஆறே முக்காலுக்கே வந்துரும், வீடு திரும்ப ராத்திரி ஏழு ஆயிடும். எங்க தெருவுல தண்ணி ஒருநாள் காலைல பத்து மணிக்கு விடுறாங்க, ஒருநாள் நடுராத்திரி பன்னண்டுக்கு. கேட்டா மோட்டாரு, கரண்டுன்னு ஏதாச்சும் சொல்றாங்க. வீட்ல ரெண்டு ஆம்பளைங்க இருந்தும் முழிச்சிருந்து குடம் பிடிக்கறது நான்தான். யார்கிட்ட போய் சொல்றது?

பதில்: தெருவுல பாதி பேர் வேலைக்குப் போன அப்புறம் பத்து மணிக்கு யாருக்கும்மா தண்ணி விடுறாங்க, காக்காவுக்கா? இந்த டைம யாரும் உக்காந்து பிளான் பண்ணி வெச்சிருக்க மாட்டாங்க, அதான் பிரச்சனையே. திறந்து விடுற அண்ணனுக்கு எது தோதோ அது உங்க தெருவுக்கு டைம் ஆயிடுது, அவர் வீட்லயும் குடம் பிடிக்கறது அவரா இருக்காது.

கிராம சபைக்குப் போங்க. வருஷத்துக்கு 6 நாள் நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், உங்க விஷயத்துக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு, ஆனா அன்னிக்கு உங்க கம்பெனி லீவு விடாது, அதனால மே 1, ஆகஸ்ட் 15 மாதிரி லீவு நாளா பாத்து, கூட வேலை செய்யற பத்து பேரையும் கூட்டிட்டுப் போங்க. எழுதிக் குடுக்கும்போது 'தண்ணி சரியா வரல'ன்னு மொட்டையா எழுதாதீங்க, அது எல்லா பெட்டிஷன்லயும் இருக்கும். 'சாயங்காலம் ஏழரைலேர்ந்து எட்டரைக்குள்ள விடணும், எந்தத் தெருவுக்கு என்னிக்குன்னு பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல எழுதி மாட்டணும்'னு எழுதுங்க. இன்னொண்ணு, டீ பிஸ்கட் குடுத்து வந்தவுடனே நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பப் பாப்பாங்க, தீர்மானத்த எழுதி சத்தமா படிச்சுக் காட்டுன அப்புறம்தான் கையெழுத்து. அதுக்கும் அசையலன்னா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தீர்மானம் என்ன ஆச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

வீட்ல இருக்கற ரெண்டு ஆம்பளைங்களுக்கு கிராம சபை தீர்மானம் போடாது, அத நீங்களேதான் போடணும்.

கேள்வி: புதன்கிழமை ஊசி போட கொழந்தைய நான் தூக்கிட்டுப் போனேன் (வீட்ல அவங்க வேலைக்குப் போயிட்டாங்க). 'அம்மா வரலியா'ன்னு நாலு பேர் கேட்டு, கடைசில அம்மாவ கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்பான்னா ஆகாதா? (காட்பாடி வாசகர்)

பதில்: தாராளமா ஆகும் தம்பி. அம்மாதான் தூக்கிட்டு வரணும்னு எந்த ரூலும் இல்ல. தாய் சேய் அட்டை கைல இருக்கணும், போன தடவ ஊசி போட்டதும் காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டா சொல்லத் தெரியணும். நிறைய அப்பாங்க இந்த ரெண்டாவதுல மாட்டிக்கறாங்க, அங்க இருக்கறவங்களுக்கும் அந்த அனுபவம்தான்! அடுத்த புதன் நீங்களே போங்க. பர்த் சர்டிபிகேட்ல கொழந்த பேர் இன்னும் சேக்கலன்னா அதையும் சேத்துருங்க, பொறந்து ஒரு வருஷம் வரைக்கும் காசு இல்ல.

கேள்வி: எங்க வார்டு கவுன்சிலர் ஒரு அம்மா. ஆனா போன எடுக்கறதும் சாக்கடைய பாக்க வர்றதும் அவங்க வீட்டுக்காரர். இது சரியா?

பதில்: சாக்கடைய யார் வந்து பாத்தாலும் நல்லதுதான், ஆனா கூட்டத்துல அவருக்கு நாற்காலி கிடையாது. உள்ளாட்சி சீட்டுல பொம்பளைங்களுக்கு 1993ல மூணுல ஒரு பங்கு, 2016ல தமிழ்நாட்டுல பாதின்னு சட்டம் வந்தது அந்தம்மா உக்காரத்தான். வேலூர் மாநகராட்சில 60 வார்டு, 2022 எலக்‌ஷன்ல மேயரா வந்தது ஒரு அம்மா, 37வது வார்டுல ஜெயிச்சது கங்கா நாயக்னு ஒரு திருநங்கை, அதெல்லாம் நம்ம ஊர்லயே நடந்திருக்கு. அடுத்த தடவ அவர் போன எடுத்தா 'மேடம்கிட்ட குடுங்க சார், ஓட்டு அவங்களுக்குத்தான் போட்டேன்'னு சிரிச்சுட்டே சொல்லுங்க. ரெண்டு தடவ கட் பண்ணுவார், விடாதீங்க. பெட்டிஷனும் அந்தம்மா பேருக்கே எழுதுங்க, 'சார்'னு ஆரம்பிக்காம.