ஸ்லாக் லோகோ: அந்த ஹேஷ்டேக் எங்கே போனது?

கேள்வி: ஆங்கிலத்தில் ஸ்லாக் என்றால் தொய்வு. அலுவலகக் குழுக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிப் பேசும் செயலிக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?

பதில்: பொருள் அதுதான். ஆனால் ஸ்லாக்கின் இணை நிறுவனர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் வேறொரு விரிவும் சொன்னார்: பேசியது, தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு. அதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் இந்தப் பெயர். அவரும் கூட்டாளிகளும் நடத்திய டைனி ஸ்பெக் நிறுவனம் முதலில் செய்தது கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு. 2012-இல் அதை மூடிவிட்டார்கள். அந்த விளையாட்டை உருவாக்கியபோது தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவி 2013-இல் ஸ்லாக் ஆனது.

கேள்வி: பழைய ஹேஷ்டேக் லோகோ அழகாகத்தானே இருந்தது? எதற்கு மாற்றினார்கள்?

பதில்: எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஸ்லாக்கில் ஒவ்வொரு விஷயத்தையும் பேச ஒரு தனி அறை மாதிரி சேனல் உண்டு; எல்லோருக்கும் திறந்த சேனல்களின் பெயருக்கு முன்னால் # இருக்கும். அதையே சின்னமாக வைத்தது நல்ல யோசனை. சிக்கல், அதைப் பயன்படுத்தும்போதுதான் வந்தது. பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் நிறம் மாறும். எல்லாம் சேர்த்து 11 நிறங்கள். சரியாக 18 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி தவிர வேறு எதன்மேல் வைத்தாலும் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று வடிவம் செய்தார்கள். கடைசியில் ஆப் ஐகான் ஒரு மாதிரி, மற்ற இடங்களில் வேறு மாதிரி. ஒரே நிறுவனம்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் போய்விட்டது. நிறுவனம் தொடங்கும் முன்பே வரைந்த சின்னம் அது. இத்தனை இடங்களில் வரும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

2019 ஜனவரியில் பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் மைக்கேல் பெய்ரூட் குழுவும் ஸ்லாக்கின் சொந்த வடிவமைப்பாளர்களும் சேர்ந்து புதியதைக் கொண்டுவந்தார்கள். நிறங்கள் நான்காகக் குறைந்தன. வடிவங்கள் இரண்டே: ஒரு பேச்சுக்குமிழி, முனை உருண்ட ஒரு பட்டை.

கேள்வி: அப்போ # போயே போய்விட்டதா?

பதில்: கூர்ந்து பார்த்தால் இன்னும் அதன் சாயல் இருக்கிறது. ஆனால் முன்பு பார்த்தவுடனே # என்று புரியும், இப்போது யாராவது சொன்னால்தான் தெரிகிறது. மாற்றம் சரி என்பதே என் கருத்து. இந்த ஒரு இழப்பு மட்டும் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் ஸ்லாக்கை வாங்கியதால் வந்த மாற்றம் என்கிறார்களே?

பதில்: இல்லை. வாங்கப்போவதாக அறிவித்ததே 2020 டிசம்பரில்தான்.

கேள்வி: கத்தரிப்பூ நிறத்தை மட்டும் ஏன் விடவில்லை?

பதில்: தினமும் செயலியைத் திறப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது இடப்பக்கப் பட்டையின் அந்த ஊதாதான். சின்னத்தையும் மாற்றி இதையும் எடுத்திருந்தால் பழகியவர்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

கேள்வி: எங்கள் செயலிக்கு இப்போதுதான் லோகோ வரைகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரே நிறத்தில் வரைந்து பாருங்கள். அப்புறம் கறுப்புப் பின்னணியில் வையுங்கள், போன் ஐகான் அளவுக்குச் சுருக்குங்கள். மூன்றிலும் அதே சின்னமாகத் தெரிந்தால் பிறகு நிறம் சேர்க்கலாம்.