ஃபைல் வீங்கினால் என்ன செய்வது? வேர்டு கேள்வி பதில்

நாகமலை புதுக்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்து இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆய்வேடும் கோயில் மலரும்தான் பிழைப்பு. மாசிக்கு மேல் ஆய்வேடு ஒப்படைக்கும் அவசரத்தில் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் இரண்டே விஷயம்: ஃபைல் பெரிதாகிவிட்டது, அல்லது சேவ் ஆகவில்லை.

கேள்வி (ஆய்வு மாணவி, கீழக்குயில்குடி): அண்ணே, சமணர் மலை, ஆனைமலை சிற்பங்கள் பற்றிய ஆய்வேடு. 240 பக்கம், 140 போட்டோ. ஃபைல் 410 எம்.பி. வந்துவிட்டது. ஒரு பக்கம் நகர்த்தினால் அரை நிமிஷம் நிற்கிறது. வேர்டுக்கு எல்லை ஏதும் உண்டா?

பதில்: உண்டும்மா. வெறும் எழுத்து 32 எம்.பி. வரை, படங்களோடு சேர்த்து 512 எம்.பி. வரை. எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 240 பக்கத் தமிழ் ஒன்றிரண்டு எம்.பி.க்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் படம்தான். சந்தேகம் இருந்தால் ஃபைலை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். டாக்எக்ஸ் என்பதே ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே வேர்டு ஃபோல்டர், அதற்குள் மீடியா ஃபோல்டர். அளவு வாரியாக அடுக்கினால் குற்றவாளிகள் வரிசையாக நிற்பார்கள்.

போன் கேமராப் படம் சாதாரணமாக 4000 பிக்சல் அகலம் இருக்கும். ஏ4 தாளில் ஓரம் போக உங்களுக்குக் கிடைப்பது ஆறு அங்குலம். அங்குலத்துக்கு 220 பிக்சல் என்று வைத்தாலும் 1320 போதும். மீதியைச் சும்மா சுமக்கிறீர்கள். முதலில் வேறு பெயரில் ஒரு நகல் சேமியுங்கள், ஏனென்றால் சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது. அப்புறம் ஏதாவது ஒரு படத்தைக் கிளிக் செய்து, பிக்சர் ஃபார்மட்டில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். இந்தப் படத்துக்கு மட்டும் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வெட்டிய பகுதிகளை நீக்கு என்பதில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் வெட்டியெறிந்த பாறையும் வானமும் ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 220-ஐத் தேர்ந்தெடுங்கள். 150 திரைக்குப் போதும், அச்சுக்கு நான் தரமாட்டேன்.

வட்டெழுத்துக் கல்வெட்டுப் படங்கள் மட்டும் இதில் சேர்த்தியில்லை. எழுத்தைப் படித்துப் பார்க்கிற தேர்வாளரிடம் மங்கலான படத்தைக் காட்டக் கூடாது. எல்லாவற்றையும் சுருக்கி முடித்தபின், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் படங்களைச் சுருக்காதே என்பதை டிக் செய்துவிட்டு, அந்த ஏழெட்டுப் படத்தை மட்டும் மூலத்திலிருந்து மறுபடி நுழையுங்கள். காப்பி, பேஸ்ட் வேண்டாம். பேஸ்ட் செய்தால் ஜேபெக் படம் பல சமயம் பிஎன்ஜியாக மாறி நாலைந்து மடங்கு ஊதிவிடும். இன்சர்ட், பிக்சர்ஸ் வழியாகத்தான்.

கேள்வி (கோயில் விழாக் குழு உறுப்பினர், சோழவந்தான்): தம்பி, கும்பாபிஷேக மலர் பென் டிரைவில் இருக்கிறது. ஃபைல் 150 எம்.பி., பென் டிரைவில் 90 எம்.பி. காலி. பழைய ஃபைல் மேலேயேதான் சேவ் செய்கிறேன், இடமில்லை என்கிறதே?

பதில்: ஐயா, வேர்டு பழைய ஃபைல் மேல் எழுதுவதில்லை. பக்கத்திலேயே ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதையும் புதிதாக எழுதி, அது நன்றாக முடிந்தபின் பழையதை நீக்கி, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டும். அதனால் அந்த நேரத்துக்கு இரண்டு ஃபைலுக்கும் இடம் வேண்டும். 90-க்குள் 150 எப்படி நுழையும்? எழுதிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினால் இன்னும் மோசம்.

கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து அங்கேயே வேலை பாருங்கள். முடிந்ததும் வேர்டை மூடிவிட்டு, பென் டிரைவுக்கு நகல் எடுங்கள். என் கடையில் பென் டிரைவிலிருந்து நேராக ஃபைலைத் திறக்க யாரையும் விடமாட்டேன். ஒரு முறை விட்டு, ஒரு ஆய்வேட்டின் மூன்று இயலை மறுபடி அடித்துக் கொடுத்தேன், காசு வாங்காமல்.

கேள்வி (மேலூர்): சொந்தக் கம்ப்யூட்டர்தான் சார். ஆனாலும் அனுமதி இல்லை, சேவ் முடியாது என்கிறது.

பதில்: மேலே சொன்ன அதே கதைதான். அந்த ஃபோல்டரில் உருவாக்க, நீக்க, பெயர் மாற்ற மூன்றுக்கும் வேர்டுக்கு வழி வேண்டும். ஆன்டிவைரஸோ, கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும் மென்பொருளோ, எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகையோ ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. பதறி வேர்டை மூடிவிடாதீர்கள். எஃப்12 அழுத்தி, டாக்குமென்ட்ஸில் வேறு பெயரில் சேமியுங்கள். முதலில் உயிர், காரணம் பிறகு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று பத்து அடுக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பெயர் சூட்டியிருந்தாலும் தகராறு வரும். முழுப் பாதையும் 260 எழுத்தை நெருங்கக் கூடாது.

கேள்வி (உசிலம்பட்டி): கரண்ட் போனால் வேலை போய்விடுகிறது. ஆட்டோ ரெகவரி இருக்கிறதுதானே?

பதில்: இருக்கிறது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஒரு மீட்பு நகல் எடுத்து வைக்கும். ஆப்ஷன்ஸில் சேவ் பக்கம் போய் இரண்டு நிமிஷமாக்குங்கள். அதை நம்பிக் கன்ட்ரோல் எஸ்-ஐ மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): அண்ணே, ஃபைலைத் திறந்தால் படிக்க முடியாத உள்ளடக்கம் இருக்கிறது என்கிறது.

பதில்: நேராகத் திறக்காமல், ஓப்பன் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் ஓப்பன் அண்ட் ரிப்பேர் கொடுங்கள். திறந்தாலும் மறுபடி மக்கர் செய்தால், ஒரு பழைய வித்தை உண்டு. வேர்டு தன் வடிவமைப்புச் சமாச்சாரங்களில் நிறையவற்றைக் கடைசிப் பத்திக் குறியில்தான் (பத்தி முடிவில் வரும் ¶) கட்டி வைக்கிறது. கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கடைசிக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதிய ஃபைலில் ஒட்டுங்கள். நடுவில் செக்ஷன் பிரேக், அதாவது பகுதி பிரிக்கும் குறி, இருந்தால் அதையும் விட்டுவிட்டுத் துண்டு துண்டாக எடுங்கள், அதற்குள்ளும் இதே சரக்கு உண்டு.

கேள்வி (அதே கீழக்குயில்குடி மாணவி): இயல்களைத் தனித்தனி ஃபைலாக வைத்தால் பக்க எண் என்னாகும் அண்ணே?

பதில்: ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்க எண்ணை நீங்களே கொடுக்கலாம். பல ஃபைலை ஒன்றாகக் கோக்கிற மாஸ்டர் டாக்குமென்ட் என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். இயல் இயலாக முடித்து, பிடிஎஃப் ஆக்கிச் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பைண்டிங் கடைக்காரருக்கும் அதுதான் வேண்டும்.