கிரிஸ்டல்ல அலையே வரல, ஐசி போச்சா?

கேள்வி: சார், டிப்ளமோ இசிஇ கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு அட்மெகா 328பி மைக்ரோகன்ட்ரோலர் ஐசி வெச்சு நானே போர்டு பண்ணேன், 5 வோல்ட் குடுக்குற 7805 ரெகுலேட்டர், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எல்லாம் போட்டாச்சு. லேப்ல சிஆர்ஓ (ஆசிலோஸ்கோப்) வெச்சு பாத்தா கிரிஸ்டல் கால்ல அலையே இல்ல. வேற புது ஐசி போட்டும் அதே தான். ரெண்டுமே டூப்ளிகேட்டா?

பதில்: ஐசி மேல சந்தேகப்படாதீங்க தம்பி. புது 328பி ஃபேக்டரிலருந்து வரும்போதே உள்ள இருக்குற 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர எடுத்து அதையும் 8ஆல வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற மாதிரி தான் செட் ஆகி வரும், ஃப்யூஸ் பிட்ட, அதாவது ஐசிக்குள்ள இருக்குற செட்டிங்க, மாத்தி எழுதுற வரைக்கும் வெளில இருக்குற கிரிஸ்டல அது கண்டுக்கவே கண்டுக்காது, அப்புறம் அலை எங்கருந்து வரும்? 14ஆவது பின்ல ரெசிஸ்டரோட ஒரு எல்இடி போட்டு, 16 மெகாஹெர்ட்ஸ்னு கம்பைல் பண்ண பிளிங்க் புரோகிராம ஏத்தி பாருங்க. 1 செகண்டுக்கு ஒரு தடவ மாற வேண்டியது 16 செகண்டுக்கு ஒரு தடவ மாறுச்சுன்னா ஐசி நல்லாருக்கு, ஃப்யூஸ் தான் பழைய செட்டிங்.

ஆனா ஃப்யூஸ மாத்துறதுக்கு முன்னாடி போர்ட முழுசா செக் பண்ணிருங்க, ஏன்னா கிரிஸ்டலுக்கு மாத்தின பிறகு கிரிஸ்டல் ஓடலன்னா புரோகிராம் ஏத்துற கருவியாலயும் ஐசியோட பேச முடியாது. ஐசிய கழட்டிட்டு, பவர் குடுக்காம, ஐசி பேஸ்ல 7ஆவது பின்னுக்கும் (சப்ளை) 8ஆவது பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவுல மல்டிமீட்டர கன்டின்யூட்டில வைங்க. லேசா ஒரு பீப் வந்து நின்னா அது கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுறது, விடாம கத்துச்சுன்னா எங்கயோ ஷார்ட். அப்புறம் பவர் சப்ளைல கரண்ட் லிமிட்ட 100 மில்லிஆம்பியருக்கு வெச்சுட்டு 9 வோல்ட் குடுங்க. அளக்குறது 7805 கால்ல இல்ல, ஐசி பேஸ்லயே அளக்கணும்: 7-8, அப்புறம் 20-22, ரெண்டு இடத்துலயும் 4.8லருந்து 5.2க்குள்ள வரணும். இந்த 20ஆவது பின்ன நெறைய பேர் இணைக்காமயே விட்டுடுறாங்க. 1ஆவது பின், ரீசெட், அதுலயும் கிட்டத்தட்ட 5 வோல்ட் இருக்கணும், 10கே ரெசிஸ்டர் அதுக்கு தான்.

இதெல்லாம் சரின்னா பவர ஆஃப் பண்ணி ஐசிய திரும்ப மாட்டி, ஃப்யூஸ மாத்திட்டு, கிரிஸ்டல் இருக்குற 10ஆவது பின்ல சிஆர்ஓல பாருங்க, புரோப் ஸ்விட்ச் கண்டிப்பா எக்ஸ்10ல இருக்கணும். எக்ஸ்1ல புரோபோட கெப்பாசிட்டன்ஸே 100 பிகோஃபாரட் பக்கம் வந்துரும், கிரிஸ்டல் கால்ல போட்டிருக்குற கெப்பாசிட்டரே 22 பிகோஃபாரட் தான, ஓடுற கிரிஸ்டலும் நின்னுரும். புரோபோட முதலைக் கிளிப்ப போர்டோட கிரவுண்ட தவிர வேற எங்கயும் மாட்டாதீங்க, அது சிஆர்ஓ வழியா நேரா எர்த்துக்கு போகுது. முழு 5 வோல்ட்டுக்கு அலை வரும்னும் எதிர்பாக்காதீங்க, லோ பவர் கிரிஸ்டல் செட்டிங்ல உயரம் கம்மியா தான் இருக்கும். 1 மைக்ரோ செகண்டுக்குள்ள 16 சுத்து எண்ண முடிஞ்சா கிரிஸ்டல் ஓகே.