வாங்கும் முன்பு: பாலைவன விடியலும் இரவும்

தை பிறந்ததும் ராஜஸ்தான் பக்கம் கிளம்புகிறவர்கள் செட்டிநாட்டில் அதிகம்போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேமரா, முக்காலி, டூர் பேக்கேஜ் பற்றியவை. சுருக்கி வெளியிடுகிறேன்.

ஜனவரி நடுவில் ஜெய்சல்மேர் போகிறோம். கோட்டையையும் மணல்மேட்டையும் விடியற்காலையிலும் இரவிலும் எடுக்க ஆசை. எட்டு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 18-55 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. 70,000 ரூபாயில் புது கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (காரைக்குடி)

வேண்டாம். கோட்டை நகரப் போவதில்லை. கேமராவை முக்காலியில் வைத்து ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), இரண்டு விநாடி டைமர், ரா ஃபைல் (பதப்படுத்தாத மூலக் கோப்பு) என்று எடுத்தால் விடியலுக்கு உங்கள் பழைய கேமராவே தாராளம். இரவில்தான் அது திணறும். அங்கும் முதலில் திணறுவது லென்ஸ். 18-55 அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். எஃப் 2 வரை திறக்கும் லென்ஸ் அதைவிட மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். 16 மி.மீ. அளவில் மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் ஒன்று, நல்ல முக்காலி ஒன்று. இவை இரண்டுக்கும் செலவழியுங்கள், மீதியை வங்கியில் போடுங்கள்.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று அறிய, 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுக்க வேண்டும். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் முதலில் மி.மீ.யை 1.5-ஆல் பெருக்குங்கள். 16 மி.மீ. என்றால் 24, வகுத்தால் 20 விநாடி. அது மேல் வரம்பு. 15 விநாடியில் நிறுத்திக்கொண்டு, ஐஎஸ்ஓ 3200 வையுங்கள். ஃபோகஸ் வளையத்தில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியை நேரடியாகப் பார்க்கும் வசதி) பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருப்பி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். 18-55-இல் எடுத்தால் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைத்துவிடுங்கள்.

நேரம் முக்கியம். ஜனவரியில் காரைக்குடியில் ஆறரை வாக்கில் சூரியன் வரும். ஜெய்சல்மேரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளித்தான். அதற்காகத் தூங்கிவிடாதீர்கள், நிறம் கூடுவது உதயத்துக்கு முந்தைய அரைமணியில். கடிசர் ஏரியில் அந்த நேரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் மண்டபங்கள் நிழலுருவமாகக் கிடைக்கும். மணல்மேட்டில் சூரியன் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி நில்லுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மணலின் வரிகளுக்கு நிழல் விழும். எந்தப் பக்கம் எடுக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நடந்துவிடக் கூடாது, காலடித் தடத்தை அழிக்க முடியாது.

ஜனவரி இரவுக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரண்டாவது பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவோடு முக்காலி, பை, ஃபில்டர் எல்லாம் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார். முக்காலியில் "5 கிலோ தாங்கும்" என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனாலும் இரவுப் படமெல்லாம் கலங்குகிறது. கேமராவில் கோளாறா? (தேவகோட்டை)

கோளாறு முக்காலியில்தான். இந்த "இலவச" செட்டைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. அதன் விலை கேமரா பில்லிலேயே ஏறியிருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் குறைப்பார்கள்.

ஐந்து கிலோ வைத்தால் உடையாது என்பது வேறு, ஒரு கிலோ கேமராவை 15 விநாடி அசையாமல் பிடித்திருப்பது வேறு. அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று ஸ்டிக்கர் சொல்வதில்லை. ஆகவே கடையிலேயே நீங்கள் அளந்து பாருங்கள். உங்கள் கேமராவைக் கொண்டுபோய்க் கால்கள் முழுவதையும் நீட்டி மாட்டுங்கள். லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, எதிரே சுவரில் இருக்கும் எழுத்து எதையாவது திரையில் வையுங்கள். முன்காலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். எழுத்து ஆடி அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் அந்த முக்காலி வேண்டாம். அடுத்து, கால்கள் சேரும் தலைப்பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருகுங்கள். கால் வளைந்தாலோ பூட்டு வழுக்கினாலோ கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நடுக்கம்பை உயர்த்தினால்தான் உங்கள் கண்மட்டத்துக்கு வருகிறது என்றால் அது உங்களுக்குக் குட்டையான முக்காலி. நடுக்கம்பை உயர்த்திய பிறகு கேமரா நிற்பது ஒற்றைக் காலில்.

பாலைவனத்துக்கு இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதி விரல் தடிமன்கூட இல்லாத ஐந்தடுக்குக் கால் மணலில் புதைந்துகொண்டே போகும். மூன்று அல்லது நான்கு அடுக்கு, நெம்புப் பூட்டு உள்ளதாகப் பாருங்கள். திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் நறநறவென்று அரைத்து மரையைத் தின்றுவிடும். மணலில் வைத்ததும் மூன்று காலையும் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். முதலில் கீழடுக்கைக் கொஞ்சமாவது வெளியே இழுத்துவிட்டால் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். காற்றடித்தால் பையை நடுக்கொக்கியில் மாட்டலாம், ஆனால் பையின் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஆடி அதுவே கேமராவை ஆட்டும். ஊர் திரும்பியதும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். மணலை எடுக்காமல் எண்ணெய் விடக் கூடாது.

டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேர் பக்கத்து சாம் மணல்மேட்டில் தங்குகிறோம். பால்வெளியின் மையப்பகுதியை எடுக்க எஃப் 1.4 லென்ஸ் ஆர்டர் போட்டுவிட்டேன். எந்தத் திசையில் பார்ப்பது? (பள்ளத்தூர்)

எந்தத் திசையிலும் தெரியாது. மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் இருக்கிறது. பால்வெளியின் மையம் இருப்பதும் அதே திசை. பகலில் சூரியனோடு வந்து சூரியனோடு போய்விடும். காலண்டரைப் பார்த்துவிட்டு லென்ஸை ஆர்டர் போட்டிருக்கலாம். பங்குனியில் போனால் விடிவதற்கு முன், நான்கு மணி வாக்கில், தென்கிழக்கில் நன்றாக எழும்பி நிற்கும்.

லென்ஸ் வீணாகாது. மார்கழி முன்னிரவில் கிழக்கே கார்த்திகையும் திருவாதிரையும் ஏறும், அவற்றை எடுங்கள். ஆனால் சாமில் வரிசையாக முகாம்கள், ராத்திரி வெகுநேரம் விளக்கு எரியும். நட்சத்திரத்துக்காகவே போகிறவர்கள் குரி கிராமத்துப் பக்கம் விசாரியுங்கள்.

அழைப்பு வந்தது, ஆஃபர் என்றார்கள், 512 ஜிபி கார்டை 600 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். மூன்று நாள் விடியற்காலையில் எடுத்ததெல்லாம் கார்டில் பெயர் இருக்கிறது, படம் திறக்கவில்லை. (கல்லூரி மாணவர், கோட்டையூர்)

தம்பி, உங்கள் மேல் தப்பில்லை, நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்பாக இருக்கும். "நான் 512" என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றி எழுதிவிடுகிறார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு எடுத்த படங்களுக்குப் பெயர் மட்டும் பதிவாகும், படம் எங்கும் எழுதப்படாது.

கார்டை இனிக் கேமராவில் போடாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். ரெக்கவரி மென்பொருள் கொண்டு உண்மையான இடத்துக்குள் இருப்பதை மீட்கப் பாருங்கள். முதல் நாள் படங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் சோதியுங்கள். கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லும். நிரப்பும்போது கார்டில் இருப்பது அழியலாம், அதனால் மீட்பு முதலில். அந்த முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: எந்தக் கார்டையும் ஊரிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு சிறியவை நல்லது.

நகர வெளிச்சத்தை மறைக்கும் ஃபில்டர் வாங்கலாமா? கோட்டைப் படத்தில் வானம் மஞ்சளாக விழுகிறது. (கண்டனூர்)

வேண்டாம். அது பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை மட்டும் வெட்டும். எல்இடி வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் அதனிடம் இந்த ஃபில்டர் தோற்றுவிடும். நான் வாங்கியது பெட்டியோடு கிடக்கிறது. வொயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பு) 3800 கெல்வினுக்கு இறக்கினாலே பாதி சரியாகும்.

பேத்தி ஆசைப்பட்டாள் என்று "விடியல், நட்சத்திர போட்டோகிராஃபி டூர்" என்று ஆளுக்கு 38,000 ரூபாய் கட்டினோம். அழைத்துப்போனது பௌர்ணமியன்று. தங்கவைத்த முகாமில் ஃபோகஸ் லைட்டும் பாட்டுக் கச்சேரியும். விடியற்காலை வண்டி வந்தது எட்டு மணிக்கு. கேட்டால் "இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார்கள். (கானாடுகாத்தான்)

ஆச்சி, படிக்கவே கோபமாக வருகிறது. மேகம் வந்தால் அது இயற்கை. பௌர்ணமி எப்போது வரும் என்று நம் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே சொல்லும். நிலா முழு இரவும் வானில் இருக்கும் தேதியில் நட்சத்திர டூர் விற்றதும், சூரியன் ஏறிய பிறகு வண்டி அனுப்பியதும் சேவைக் குறைபாடு. விடக் கூடாது.

விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, எட்டு மணிக்கு வண்டி வந்ததைக் காட்டும் போன் அழைப்புப் பதிவு, பேத்தி எடுத்த படங்கள் (எடுத்த நேரம் ஃபைலிலேயே இருக்கும்) எல்லாவற்றையும் ஓர் உறையில் சேருங்கள். நடந்ததையும் கேட்கும் தொகையையும் எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். டூர் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட உரிமை உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும், ஆனால் இந்த மாதமே செய்யுங்கள்.

இனி டூர் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: அமாவாசையை ஒட்டிய தேதிதானா, உதயத்துக்கு எத்தனை நிமிடம் முன்பு இடத்தில் இருப்போம், இரவில் முகாம் விளக்கு எத்தனை மணிக்கு அணையும்.

சென்னையில் ஒருவர் பில் இல்லாமல் வெளிநாட்டு ட்ரோன் தருகிறார். மணல்மேட்டில் பறக்கவிடலாமா? (புதுவயல்)

வாங்காதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை, ஜெய்சல்மேரோ எல்லை மாவட்டம், அங்கே பறக்கவிடுவதும் சிக்கல்.

மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். யூட்டாவில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவை இரவில் எடுக்க எல்இடி பேனல் வாங்கச் சொல்கிறான். (நெற்குப்பை)

பணம் மிச்சம். அந்த வளைவு இருக்கும் ஆர்ச்சஸ், பக்கத்து கேன்யன்லேண்ட்ஸ் இரண்டு தேசியப் பூங்காக்களிலும் பாறை மீது செயற்கை வெளிச்சம் அடித்துப் படமெடுக்கத் தடை இருக்கிறது. ட்ரோனும் கூடாது. சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டெலிகேட் ஆர்ச்சுக்குப் போக வர 5 கி.மீ. பாறை ஏற்றம், இருட்டில் இறங்க அது கட்டாயம் வேண்டும். அந்த ஆர்ச் அழகாக இருப்பது மாலை வெயிலில். விடியலுக்கு கேன்யன்லேண்ட்ஸின் மேசா ஆர்ச் போங்கள். கீழே இருக்கும் செங்குத்துப் பாறையில் பட்டுத் திரும்பும் வெயிலில் வளைவின் அடிப்பக்கம் செந்தணலாகும். நடை ஒரு கி.மீ.தான், ஆனால் இடம் பிடிக்க உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் லென்ஸ் வாங்கினேன். ஃபோகஸ் வேலை செய்யவில்லை. கடைக்காரர் "உங்களை யார் என்றே தெரியாது" என்கிறார். (திருப்பத்தூர்)

ஜிபே, வாட்ஸ்அப், ஏதாவது தடயம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1915. பில் கேட்டும் அவர் தர மறுத்திருந்தால் அதுவே முறையற்ற வணிகம். ஆனால் நீங்களாகவே பில் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். இறக்குமதிப் பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் எம்ஆர்பியும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாத பெட்டிக்கு இந்தியாவில் வாரண்டியும் எதிர்பார்க்காதீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சர்வே மர முக்காலி ஒன்று வாங்கினேன். கேமரா மாட்ட முடியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கீழச்சிவல்பட்டி)

இல்லை. மரம் அதிர்வை நன்றாக உறிஞ்சும், கூரான இரும்புக் கால் மணலில் இறங்கி உறுதியாக நிற்கும். திருகு அளவுதான் பிரச்சினை. கேமராவின் அடியில் இருப்பது கால் அங்குல மரை. சர்வே முக்காலியில் பெரும்பாலும் 5/8 அங்குலம். அப்படியானால் 5/8-இலிருந்து 3/8-க்கு மாற்றும் பித்தளை அடாப்டர் வாங்கி, அதன்மேல் பால்ஹெட் (கேமரா மாட்டும் உருண்டைத் தலை) ஒன்று மாட்டுங்கள். அதைவிடப் பழைய முக்காலி என்றால் மேலே உள்ளங்கை அகலத்துக்கு மரை இருக்கும். நடுவில் 3/8 போல்ட் வரும்படி லேத் பட்டறையில் ஒரு தட்டு கடைந்துதான் ஆக வேண்டும். விமானத்தில் கைப்பையாக விடமாட்டார்கள், கூர்முனையைச் சாக்கில் சுற்றி லக்கேஜில் போடுங்கள். கேமரா பேட்டரிகளை மட்டும் லக்கேஜில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.